சாக்கில் கட்டிவந்த குளம்

மண் லாரி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றார் மனையைப் பார்த்துக்கொள்பவர். எடுப்பதை அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், பத்தாம் நாள் காலையில் சேற்றுக்குள் ஓர் ஆளும் நிற்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. மே மாதக் கடைசி. இடவப்பாதி மழைக்கு முன்னால் நிலத்தை நிரப்பிவிட அவருக்கு அவசரம். அதே மழைக்கு முன்னால், அங்கிருந்து எடுக்கும் நீர்ச்செடிகளை வேறு குளத்தில் நட்டுவிட எங்களுக்கு அவசரம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் ஓர் ஏலாவின் தாழ்ந்த மூலை அது. இரண்டு மேட்டு விளைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் வயல்வெளியை எங்கள் பக்கம் ஏலா என்போம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த இடம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004இல் தண்ணீர் நின்ற பிறகு இந்தப் பக்கத்து ஏலாக்கள் பலவற்றின் கதை ஒன்றுதான்: நெல் போய் வாழை வந்தது, வாழை போய்த் தரிசு, தரிசுக்குப் பிறகு அளவுக்கல். மூலையில் பத்து சென்ட் பரப்பில் ஒரு சிறுகுளம் மட்டும் ஊற்றால் பிழைத்துக் கிடந்தது. அதில் ஆம்பல், நெய்தல், நடுவில் கொஞ்சம் தாமரை. கரையில் கைதைப் புதர். சுற்றியிருந்த சேற்றில் கோரை, வல்லாரை, நீர்ப்பிரமி, நீராரை. இவையெல்லாம் அரிய செடிகளா என்று கேட்டால், இல்லை. என் சிறுவயதில் மாடுகூட இவற்றை மதிக்காது. இப்போது எங்கள் ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் நெய்தல் பூக்கும் தண்ணீர் இது ஒன்றுதான் மிச்சம்.

நான் மார்த்தாண்டத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தாவரவியல் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறார். பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்ற டீச்சர். தாமரை பறிக்கும் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா இருவர், கல்லூரிப் பையன்கள் நால்வர், குட்டியானை வண்டி ஓட்டும் என் மச்சான். ஆள் கணக்கு இவ்வளவுதான்.

கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் எங்கள் ஊர்க் குளம். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையேற்றி, கடைசியில் இயந்திரம் வைத்துத் தூர்வாரியும் ஆயிற்று. தூர்வாரியதில் பெருமைப்பட எதுவும் இல்லை. நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, அடியைச் சமமாக இழுத்து, குளத்தைத் தொட்டியாக்கிவிட்டார்கள். கரையிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் கழுத்தளவு. எத்தனை கன அடி மண் எடுத்தோம் என்ற கணக்குக்கு அது அழகாக இருக்கும். வல்லாரைக்கும் கோரைக்கும் அங்கே கால் வைக்க இடம் கிடையாது. இதே மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூரும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. தேரூர்க் குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. பறவை, செடி எல்லாம் அந்த இரண்டுங்கெட்டான் இடத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே முதல் வேலை செடி எடுப்பதல்ல, படி வெட்டுவது. அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். நான்காவது முறை, குளத்துக்குள் எதையும் கட்டப்போவதில்லை, இருக்கும் மண்ணைச் சரித்துவிடத்தான் போகிறோம் என்று எழுதிக்கொடுத்த பிறகு கையெழுத்துக் கிடைத்தது. வடகரையில் நாற்பது அடி நீளத்துக்கு மூன்று படி. மேல்படி ஈரச்சேறு மட்டும். நடுப்படியில் ஓர் அடித் தண்ணீர். கீழ்ப்படியில் இரண்டரை அடி. படியின் விளிம்பு கரையாமல் இருக்கத் தென்னங்கயிற்று வலையை விரித்து மூங்கில் முளை அடித்தோம். கேரளப் பஞ்சாயத்துகளில் இதைக் கயிறு பூவஸ்திரம் என்பார்கள், நிலத்துக்கு உடுத்தும் துணி. டீச்சர் அந்தப் பெயரைச் சொன்னதும் அக்காக்கள் இருவரும், குளத்துக்குப் புடவை கட்டும் வேலை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எடுக்கும் இடத்தில் முதல் இரண்டு நாள் மண்வெட்டியைத் தொடவில்லை. ஒரு மூங்கில் கம்பில் அரை அடிக்கு ஒரு சுற்றாகக் கடையிலிருந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, குளத்துக்குள் இறங்கி ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஊன்றி ஆழம் குறித்தோம். வல்லாரை நின்ற இடத்தில் தண்ணீரே இல்லை, குதிகால் மட்டும் புதையும். நீர்ப்பிரமிக்கு மூன்று விரல் தண்ணீர். கோரை அரை அடியிலிருந்து ஓர் அடி வரை. நெய்தல் ஒன்றரை அடி, ஆம்பல் இரண்டரை, தாமரை மூன்றுக்கு மேல். பக்கத்தில் நிழல் இருக்கிறதா, சேறு கெட்டியா இளக்கமா என்பதையும் எழுதினோம். நெய்தல் எது, ஆம்பல் எது என்று பூ இல்லாத செடிகளில் குழப்பம் வந்தது. அதற்கு இரண்டு நேரம் போய்ப் பார்த்தால் போதும். ஆம்பல் இரவில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். நெய்தல் பகல் ஆள். பூத்திருந்தவற்றுக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சி நட்டுக்கொண்டோம்.

பெயர்ச் சண்டையும் அங்கேதான் நடந்தது. டீச்சருக்கு வல்லாரை முத்தில். எங்கள் நீராரை அவருக்கு நாலிலைக்கொடியன். நீர்முள்ளி அவருக்கு வயல்சுள்ளி. ஆம்பலும் கைதையும் மட்டும் எல்லைச் சோதனை இல்லாமல் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. மற்ற மாவட்டத்தார் தாழை என்று சொல்வதைத்தான் கைதை என்கிறோம். அன்னாசிப் பழம் எங்களுக்குக் கைதைச்சக்கை ஆனதும் அந்த முள்ளிலையின் சாயலால்தான். ஆகாயத்தாமரை விஷயம் இன்னும் மோசம். சித்த மருந்துக்காரர் ஒருவர் சொல்லும் ஆகாயத்தாமரை வேறு செடி, ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டே இழுத்துப்போடும் ஆகாயத்தாமரை வேறு. அதனால்தான் எங்கள் குறிப்பேட்டில் பின்னதற்கு வெங்காயத்தாமரை என்றே எழுதினோம். அதன் காம்பு வெங்காயம் போல் உப்பியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எதை எடுக்கக் கூடாது என்பதில் ஒரு வாக்குவாதம். சம்பும் நம் மண்ணின் செடிதானே, அதையும் எடுப்போம் என்றார்கள் பையன்கள். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது சொந்தக்காரன்தான் மோனே, ஆனால் வீட்டில் சேர்த்தால் மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவான்," என்றார். சாக்கடைத் தண்ணீர் சேரும் குளங்களில் சம்பு எப்படிச் சுவரெழுப்புகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாளிலிருந்து தோண்டல். ஆம்பலுக்கும் நெய்தலுக்கும் மண்வெட்டி உதவாது. காம்பைப் பிடித்துக்கொண்டு கையைச் சேற்றுக்குள் விட்டால் முழங்கைக்குக் கீழே கிழங்கு தட்டும். அதைச் சுற்றி விரலால் கிளறி, வேரோடு சேறும் வரும்படி இரண்டு கையாலும் அள்ளித் தூக்க வேண்டும். காம்பை இழுத்தால் காம்பு மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே இருந்துவிடும். தாமரை எடுக்க அண்ணன் ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் காலால் தேடுகிறார். கிழங்கு ஓடும் திசையைப் பாதத்தால் தடவிக் கண்டுபிடித்து, நுனி எங்கே என்று பார்த்து, அதற்கு ஒரு முழம் தள்ளிக் குனிகிறார். கிளிமூக்கு மாதிரி வெளுத்துக் கூர்மையாக இருக்கும் அந்த நுனி ஒடிந்தால் கிழங்கை வீட்டுக்குக் குழம்பு வைக்கக் கொண்டுபோகலாம், நடப் பயன்படாது. நடுவில் ஒடித்தாலும் ஆகாது. உள்ளே குழல் குழலாக ஓட்டை இருப்பதால் தண்ணீர் புகுந்து அழுகிவிடும். கணுவுக்குக் கணு முழுதாக எடுக்க வேண்டும்.

கைதை எடுத்த அன்று எல்லாருடைய கையும் கிழிந்தது. இலையின் இரண்டு ஓரத்திலும் முள், அடிப்பக்க நடுநரம்பிலும் முள். விழுது விட்ட கிளையாகப் பார்த்து மூன்றடி நீளத்தில் அறுத்து, இலையைப் பாதியாகக் கத்தரித்து எடுத்தோம். நட்ட இருபத்திரண்டு துண்டில் மூன்றைத் தவிர எல்லாம் பிடித்துக்கொண்டது. கைதையைப் பற்றி வேறு எழுத எதுவும் இல்லை. அதை நட்டுவிட்டு மறந்துவிடலாம்.

கடைசி மூன்று நாளும் செடியை விட்டுவிட்டுச் சேற்றை அள்ளினோம். மேல்பரப்பில் நான்கு விரல் ஆழம் மட்டும். விதையும் கிழங்குத் துணுக்கும் அந்தப் பொருக்கில்தான் கிடக்கும், ஆழத்தில் வெறும் களி என்று டீச்சர் சொல்லியிருந்தார். மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அள்ளி அடுக்கினோம். மச்சானின் வண்டித் தட்டில் ஆறு நாள் நாற்றம் போகவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணப் பந்தல் சவாரியை அவர் இழந்தார், அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

இனி, நாங்கள் சொதப்பிய கதை.

எடுத்தவற்றில் பாதியை உடனே நட்டோம். கீழ்ப்படியில் சேற்றைக் கிளறி, ஆம்பல் கிழங்கை அமுக்கி வைத்துவிட்டு வந்தோம். பழைய குளத்தில் இரண்டரை அடி, இங்கும் இரண்டரை அடி. கணக்கு சரி என்ற நிம்மதி. ஏற்றிக்கொண்டு வர வசதியாக இலைகளையெல்லாம் கத்தரித்திருந்தோம். நட்ட நான்காம் நாள் இரவு மழை பிடித்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது குளம் ஒன்றே முக்கால் அடி ஏறியிருந்தது. நட்டதில் பெரும்பகுதி வேரோடு மிதந்து தென்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. சேறு புதிதாகக் கிளறியதால் பிடிமானம் இல்லை, கிழங்கோ காற்றடைத்த பொருள். மிதக்காமல் நின்றவையும் பிழைக்கவில்லை. பத்து நாளில் கிழங்கு கொழகொழவென்று ஆனது.

காரணத்தை டீச்சர் ஒரு தாமரைக் காம்பை ஒடித்துக் காட்டினார். உள்ளே நீளவாட்டில் குழாய்கள். ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதச் சொன்னார், குமிழி வந்தது. வெயிலில் சூடாகும் இளம் இலை காற்றை உள்ளே தள்ளுகிறது, அது காம்பு வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போய், பழைய இலைகளின் வழியாக வெளியேறுகிறது. இலைதான் மோட்டார், காம்புதான் குழாய் என்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. நாங்கள் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கிழங்கை ஆழத்தில் அமுக்கியிருக்கிறோம். தண்ணீரில் பிறந்த செடிக்கும் மூழ்கினால் மூச்சு முட்டும் என்பது என் ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்ட செய்தி. பழைய குளத்தின் இரண்டரை அடி, இலை வளர்ந்து மேலே வந்துவிட்ட செடிக்கான ஆழம். புதிதாக நடும் கிழங்குக்கு அது கிணறு.

நல்லவேளையாக மறுபாதி என் கடையின் பின்புறம் ஆறு டிரம்களில் இருந்தது. அது முன்யோசனையால் அல்ல, டீச்சரின் பிடிவாதத்தால். எந்தச் செடியையும் கழுவி இரண்டு வாரம் தனித் தண்ணீரில் வைத்திருந்து பார்க்காமல் குளத்தில் விடக் கூடாது என்றிருந்தார். அவசரத்தில் முதல் பாதிக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. பலன், ஒரு மாதம் கழித்து நடுப்படியின் மூலையில் காதுமடல் அளவு இலைகளாக மடிந்து மடிந்து தெரிந்தது: ஆப்பிரிக்கப் பாயல் என்ற மிதக்கும் களை. பெயர் ஆப்பிரிக்கா, பிறந்த வீடு பிரேசில். கேரளத்தில் இதை அடக்க 1980களில் கூன்வண்டு கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. வேரில் ஒட்டிய ஒரு நகக்கண் அளவுத் துணுக்கு போதும், வெயிலும் சாக்கடை உரமும் கிடைத்தால் சில நாளில் இரட்டிக்கும். மூத்த அக்காதான் முதலில் பார்த்தார். "மக்களே, இது நம்ம ஊர்ச் சாதனம் இல்லையே," என்றார். அன்றிலிருந்து ஒன்பது வாரம், வாரம் இரண்டு முறை, கொசுவலைத் துணியால் அரித்து எடுத்தோம். பத்தாவது வாரம் எதுவும் கிடைக்கவில்லை. இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாம் நடவு சாக்கில். அரிசி மூட்டையெல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் சணல் சாக்கு கிடைப்பதே அரிதாகிவிட்டது. முந்திரி ஆலைகளுக்குக் கொட்டை வருவது இன்னும் சணலில்தான்; அங்கிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கினோம். ஒரு சாக்கை நான்காக வெட்டி, நடுவில் ஒரு கருங்கல், மேலே வயல்களி, அதில் கிழங்கைச் சாய்த்து வைத்து நுனி மட்டும் வெளியே தெரியும்படி மண் மூடி, நான்கு மூலையையும் தளர்வாகக் கட்டினோம். இலையைக் கத்தரிக்கவில்லை, அழுகியதை மட்டும் கிள்ளினோம். கட்டில் ஒரு நீளக் கயிறு. மூட்டையை முதலில் நடுப்படியில், ஓர் அடித் தண்ணீரில் இறக்கினோம். புது இலை இரண்டு மேலே வந்து விரிந்ததும் கயிற்றைப் பிடித்து அரைப்படி கீழே நகர்த்தினோம். மறுபடி இலை நீண்டதும் மறுபடி. சாக்கு மட்கும் நேரத்துக்குள் வேர் தரையைப் பிடித்துவிடும். மழை பெய்து தண்ணீர் ஏறினால் கயிற்றை இழுத்து மூட்டையை மேல்படிக்கு ஏற்றிவிடலாம் என்பது இதில் உள்ள வசதி. ஜூலையில் இரண்டு முறை அப்படி ஏற்றினோம். உரம் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பையன் ஐந்து மூட்டையில் பச்சைச் சாணம் வைத்துவிட்டான். அந்த ஐந்தும் குமிழி விட்டுக்கொண்டே இருந்து, கறுத்து, அழுகிப்போயின. அவனே பிரித்துக் கழுவினான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தொல்லை நீலத்தாழைக்கோழி. பார்க்க ராஜா, செய்கை ரவுடி. தாமரைக் குருத்தை இழுத்து, அடித்தண்டைக் கடித்துத் தின்றுவிட்டு இலையைப் போட்டுவிட்டுப் போகும். தேங்காப்பட்டணத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கிச் சுற்றிலும் கட்டினோம். மூன்றாம் நாள் காலை, வலையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு நான்கு கண்ணியில் சிக்கி, உடம்பு பிதுங்கி, கண் திறந்தபடி கிடந்தது. மோட்டார் கம்பி வெட்டும் சிறு கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். செதிலுக்கும் நூலுக்கும் இடையில் கத்தரிமுனை நுழையவே இடம் இல்லை. கடைசி இழை அறுந்ததும் அது நன்றி சொல்லவில்லை, என் கட்டைவிரலைக் கடித்துவிட்டுத் தண்ணீருக்குள் போயிற்று. விஷமில்லாததுதான். அன்றே வலையைக் கழற்றினோம். பதிலுக்குக் குருத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் மூங்கில் சிம்புகளை நெருக்கமாக ஊன்றினோம். கோழிக்கு நடுவில் இறங்க இடம் இல்லை, பாம்புக்கும் தவளைக்கும் போக்குவரத்து உண்டு. பாதி பிழைத்தது. மீதி கோழிக்கு. குளம் அதற்கும்தான்.

மீன் குத்தகைக்காரரிடம் பேசியது தனிக்கதை. அவர் புல்கெண்டை விட இருந்தார். பெயரிலேயே புல் இருக்கிறது. நீர்த்தாவரம்தான் அதன் சாப்பாடு. ரோகு, கட்லா விடுங்கள், கெண்டைக்குப் பதில் குஞ்சு விலையில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம் என்று பேசி முடித்தோம். என் கடை வருமானத்தில் அது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

அள்ளிவந்த சேற்றை மேல்படியில் பரப்பினோம். சோதனைக்காக ஒரு பெட்டிச் சேற்றை மட்டும் என் மொட்டைமாடியில் பழைய குளியல் தொட்டியில் போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் பச்சைத் தூசி. பதினெட்டாம் நாள், மடித்த குடையை நுனியிலிருந்து விரிப்பது போல ஒரு சுருள் நிமிர்ந்து நான்கு இலையாகப் பிரிந்தது. நீராரை. அதன் வித்துறை காய்ந்த மண்ணில் பல வருடம் கிடந்தாலும் சாகாது என்றார் டீச்சர். ஒரு மாதத்தில் அந்தத் தொட்டியில் கோரை மூன்று விதம், நீர்முள்ளி, கரிசாலை, பொன்னாங்கண்ணி என்று ஒன்பது வகை எண்ணினோம். அவற்றில் நான்கை நாங்கள் அந்த வயலில் கண்ணால் பார்க்கவே இல்லை. ஒன்பது நாளில் ஆறு நாளைச் செடிக்குச் செலவழித்ததற்குப் பதிலாக, ஒன்பது நாளும் சேற்றையே அள்ளியிருக்கலாம். அடுத்த முறை அப்படித்தான்.

தாமரைக்கு விதையும் போட்டோம். கறுத்துக் காய்ந்த விதை கல் மாதிரி இருக்கும். சீனாவில் ஒரு பழைய ஏரிப்படுகையில் கிடைத்த, ஏறக்குறைய 1,300 வருடம் பழையது என்று கணித்த தாமரை விதை முளைத்திருக்கிறது. அவ்வளவு பொறுமை நமக்கு இல்லாததால் சிமெண்ட் தரையில் ஒரு முனையைத் தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்ததும் தண்ணீர்க் குவளையில் போட வேண்டும். ஐந்தாம் நாள் முளை வந்தது.

இப்போது அக்டோபர் நடுப்பகுதி, துலாமழை தொடங்கிவிட்டது. கம்பின் கணக்கு: மேல்படி ஈரம் மட்டும், வல்லாரை விளிம்பு தாண்டி ஓடுகிறது. நடுப்படி ஓர் அடி இரண்டு அங்குலம். கீழ்ப்படி இரண்டே முக்கால். ஆம்பல் முப்பத்தொரு மூட்டையில் இருபத்திரண்டு உயிரோடு இருக்கிறது, நெய்தல் பதினெட்டில் பதினொன்று. தாமரை நான்கு இடத்தில் இலை தூக்கியிருக்கிறது, பூ இல்லை. முதல் நெய்தல் பூத்த அன்று அண்ணன் அதைப் பறிக்காமல் விட்டதைத்தான் நான் பெரிய செய்தியாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

நேற்று மாலை மனையைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார். நிரப்பிய மண்ணின் ஓரத்தில், மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு ஆம்பல் இலை வந்திருக்கிறதாம். மனை பார்க்க வருபவர்கள் அதைப் பார்த்ததும், இங்கே தண்ணீர் நிற்குமோ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். "நீங்கள் எடுத்துக்கொண்டுபோன செடிதானே, மிச்சத்தையும் வந்து எடுத்துவிடுங்கள்," என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். சாக்கு இரண்டு போதும், வண்டி தேவையில்லை என்றதும் மச்சானுக்கு நிம்மதி.